மூணு நாள் ரீடிங்

உட்காருங்க சார். நீங்க எட்டி எட்டிப் பார்த்தா அந்த லாரி எழுந்து நின்னுடுமா? தொப்பூர் இறக்கத்துல ஒரு லாரி படுத்துச்சுன்னா அவ்வளவுதான். கிரேன் வரணும், போலீஸ் வரணும், போறவன் வர்றவன் எல்லாம் இறங்கி நின்னு போட்டோ எடுக்கணும். அதுக்கப்புறம்தான் நம்ம பஸ் நகரும். பன்னெண்டு மணிக்கு ஓசூர்ல ஏறினேன். இப்ப மணி மூணு அஞ்சு.

உங்களுக்காவது சேலத்துல கல்யாண ரிசப்ஷன். லேட்டாப் போனா சாப்பாடு கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான். நான் நாலு மணிக்குள்ள காலேஜ்ல இருக்கணும். ஓமலூருக்கு இந்தப் பக்கமே இறங்கறது, ரோடு காலியா இருந்தா இங்கேருந்து அரை மணி நேரம். நாலு தாண்டிச்சுன்னா என் எம்.டெக் போச்சு. விளையாட்டுக்குச் சொல்லலை சார், நிஜமாவே போச்சு.

இல்ல இல்ல, பொண்ணுக்கு அட்மிஷன் இல்ல. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கண்டக்டர்கூட ஃபைலைப் பார்த்துட்டு "பிள்ளைக்கா சார்?"னாரு. நான்தான் படிக்கிறேன். பேரு குணசீலன், வயசு நாப்பத்தி நாலு, ஓசூர்ல ஒரு மாத்திரை கம்பெனியில புரொடக்ஷன் மேனேஜர். படிப்பு எம்.டெக், ஃபார்மசூட்டிக்கல் இன்ஜினியரிங், பகுதி நேரம். சனி ஞாயிறு கிளாஸ். அதிகபட்சம் நாலு வருஷத்துக்குள்ள முடிக்கணும். என்னோட நாலாவது வருஷம் இன்னிக்கு நாலு மணியோட முடியுது.

சிரிக்காதீங்க. மருந்துக்கு எதுக்கு இன்ஜினியர்னு என் மச்சானும் சிரிச்சான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். வீட்டுல பத்துப் பேருக்கு சாம்பார் வைக்கறோம். அதே கணக்கை நூறால பெருக்கி ஆயிரம் பேருக்கு அண்டாவுல வெச்சா அந்த ருசி வருமா? வராது. பருப்பு அடி பிடிக்கும், மேல தண்ணியா நிக்கும். மாத்திரையும் அப்படித்தான். லேப்ல ஒரு கிலோ செய்யறது ஒண்ணு, ஃபேக்டரியில இருநூறு கிலோ செய்யறது வேற ஒண்ணு. அந்த வித்தியாசத்தைப் படிக்கறதுதான் இந்தப் படிப்பு. அதை நான் பத்தொன்பது வருஷமாச் செஞ்சுக்கிட்டே இருக்கேன். எனக்கே பாடம் நடத்தறாங்க பாருங்க, அதுதான் கொடுமை.

ஏன் சேர்ந்தேன்னா, எங்க எம்.டி. ஒரு நாள் கூப்பிட்டு, "குணா, பிளான்ட் ஹெட் சீட் உனக்குத்தான். ஆனா வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வந்தா படிப்பைக் கேப்பான். ஒரு எம்.டெக் போட்டுடு"ன்னாரு. போட்டுடறதுதானே, போட்டுடலாம்னு சேர்ந்தேன். என் வீட்டுக்காரி பரிமளா அடுத்த வாரமே தெரு பூராச் சொல்லிட்டா. சின்னப் பொண்ணு காதுகுத்துப் பத்திரிகையில "கு. குணசீலன், பி.ஃபார்ம்., எம்.டெக்."னு அச்சடிச்சாச்சு. அப்ப முதல் செமஸ்டர்தான் நடந்துக்கிட்டிருந்துச்சு. முடிக்கத்தானே போறோம், எதுக்கு ரெண்டு தடவை அச்சடிக்கணும்?

கிளாஸ்ல எல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுப் பிள்ளைங்க. முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் மொத்தக் கிளாஸும் எழுந்து நின்னுச்சு. வாத்தியார்னு நினைச்சுடுச்சுங்க. நானும் உட்காருங்கன்னு கையைக் காமிச்சுட்டுத்தான் போய் கடைசி பெஞ்சில உட்கார்ந்தேன்.

ஆனா லேப்ல நான்தான் ராஜா. மாத்திரை எப்படிச் செய்யறாங்க தெரியுமா உங்களுக்கு? மருந்துப் பொடியோட கஞ்சி மாதிரி ஒரு பசையை விட்டுப் பிசையணும். அந்த ஈர மாவைக் காய வெச்சு, சலிச்சு, அச்சுல அழுத்தினா மாத்திரை. பிசையறதை எப்ப நிறுத்தணுங்கறதுலதான் வித்தையே இருக்கு. பிள்ளைங்க எல்லாம் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு மீட்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கும். நான் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில அமுக்குவேன். உருண்டை நிக்கும். கட்டைவிரலால தட்டிப் பார்த்துட்டு "இன்னும் ஒரு நிமிஷம்"பேன். கரெக்டா இருக்கும். வாணியம்பாடியிலேருந்து நஸ்ரின்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி, "அண்ணா, எனக்கும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா"ன்னு என் பின்னாலயே சுத்தும். என் கை பட்ட மாத்திரையைத் தரையில வீசி அடிச்சாலும் ஒரு சில்லு பேராது சார். பெருமைக்குச் சொல்லலை, வீசிக் காட்டியிருக்கேன்.

அந்த நஸ்ரினாலதான் எல்லாம் வந்தது. இல்ல, அந்தப் பொண்ணு மேல தப்புன்னு சொல்ல மாட்டேன். தப்புதான், ஆனா சொல்ல மாட்டேன்.

கம்பெனியில எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை மாத்திரை போடும்போதும் ஒரு புத்தகம் எழுதணும், பேட்ச் ரெக்கார்டுன்னு பேரு. எத்தனை மணிக்கு மாவு கொட்டினோம், எத்தனை டிகிரியில காய வெச்சோம், எத்தனை மணிக்கு முடிச்சோம், எல்லாத்துக்கும் ஒரு கட்டம். காலையில எட்டு மணிக்கு நான் போய் உட்கார்ந்தேன்னா ஒன்பது மணிக்குள்ள சாயங்காலம் வரைக்கும் எழுதி முடிச்சுடுவேன். பதினொண்ணரைக்கு அறுபது டிகிரி, பன்னெண்டரைக்கு அறுபத்தொண்ணு, ஈரம் ரெண்டு சதவீதம். அப்புறம் நாள் பூரா நிம்மதியா வேலையைப் பார்க்கலாம். இதுக்குப் பொய்ன்னு பேர் வைக்காதீங்க. தினமும் அதேதான் வருது, வரப் போறதை எழுதறோம், அவ்வளவுதான். வேலை நடக்கும்போது எழுதிக்கிட்டு நின்னா வேலையை யார் பார்க்கறது? எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான், நான் சொல்லிக் கொடுத்தவங்களும் அப்படித்தான். எத்தனை ஆடிட் வந்திருக்கு, ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு வெள்ளைக்காரன் என் கையெழுத்தைப் பார்த்துட்டுக் கை குலுக்கிட்டுப் போனான்.

சரி, கதைக்கு வர்றேன். கடைசி வருஷம் தீசிஸ். நான் சுகர் மாத்திரையை எடுத்தேன். கம்பெனியில போடற அதே கலவை, அதே பிசையற முறை. நல்லாத் தெரிஞ்சதை எடுத்தா சீக்கிரம் முடியும்ல? எனக்கு கைடு வெற்றிச்செல்வி மேடம். என்னைவிட எட்டு வயசு சின்னவங்க. சத்தமே போட மாட்டாங்க. எவ்வளவு கோபம் வந்தாலும் "குணசீலன் சார்"தான்.

மாத்திரை செஞ்சா அது கரையுதான்னு பார்க்கணும். அதுக்கு ஒரு மெஷின், ஆறு கண்ணாடி ஜாடி. உடம்புச் சூட்டுல தண்ணி வெச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு மாத்திரை போட்டு, மெதுவாக் கலக்கிக்கிட்டே இருக்கும். நம்ம வயித்துக்குப் பதில் அது. பத்து நிமிஷத்துல எவ்வளவு கரைஞ்சுது, இருபதுல எவ்வளவு, முப்பதுல எவ்வளவுன்னு எடுத்து எழுதணும். முப்பதாவது நிமிஷத்துல நூத்துக்கு எண்பதாவது கரைஞ்சிருக்கணும். காலேஜுக்கே அந்த மெஷின் ஒண்ணுதான், முறை போட்டுத்தான் கிடைக்கும். எனக்குப் பிப்ரவரி பதினாலு, பதினஞ்சு, பதினாறு.

அந்த வாரம் கம்பெனியில நிக்க நேரமில்லை. ஆடிட். லீவு கேட்டா எம்.டி. கடிச்சுத் துப்பிடுவாரு. நான் என்ன பண்ணினேன், முந்தின ஞாயித்துக்கிழமையே உட்கார்ந்து அந்த மூணு நாள் ரீடிங்கை லேப் நோட்டுல எழுதிட்டேன். பத்து நிமிஷம் நாப்பத்தொண்ணு, இருபது நிமிஷம் அறுபத்தேழு, முப்பது நிமிஷம் எண்பத்தெட்டு. ஆறு ஜாடிக்கும் ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன போட்டு அழகா எழுதினேன். மாத்திரையை எனக்குத் தெரியும் சார். பெத்த பிள்ளையைத் தெரியற மாதிரி தெரியும்.

மார்ச் மாசம் மேடம் கூப்பிட்டாங்க. மேஜையில ரெண்டு நோட்டு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு நஸ்ரினோடது.

"குணசீலன் சார், இந்த மூணு நாளும் டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"எந்த மெஷின்ல?"

"நம்ம மெஷின்லதான் மேடம்."

"அது அந்த வாரம் பூரா பெங்களூர்ல இருந்துச்சு. சர்வீசுக்கு அனுப்பியிருந்தோம்."

எப்படி இருக்கும் எனக்கு? இருந்தாலும் சும்மா இருப்பேனா? "அப்ப தேதி மாறியிருக்கும் மேடம்"னேன். "எந்தத் தேதி?"ன்னாங்க. "முன்ன பின்ன"ன்னேன். அதுக்கு முன்ன நான் மாத்திரையே செய்யலை. அதுக்குப் பின்ன நோட்டை அவங்ககிட்டக் கொடுத்தாச்சு. மேடம் நஸ்ரினோட நோட்டை என் பக்கம் திருப்பி வெச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு என் முறைக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ஒரு நாள். எல்லாப் பக்கத்துலயும் "மெஷின் இல்லை, டெஸ்ட் செய்யவில்லை"ன்னு எழுதி, கீழ கையெழுத்து வேற.

யாராவது இதைப் போய் எழுதுவாங்களா சார்? செய்யாததை எல்லாம் எழுத ஆரம்பிச்சா நோட்டு பத்துமா?

வெளிய வந்து அந்தப் பொண்ணைப் பிடிச்சேன். "ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"னேன். அது அழுதுடுச்சு. "நான் ஒண்ணும் சொல்லலைண்ணா. என் நோட்டைக் கேட்டாங்க, கொடுத்தேன்"னு சொல்லுச்சு. அழற பொண்ணுகிட்ட என்ன சண்டை போடறது? போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மெஷின் திரும்பி வந்ததும் மேடம் சொன்னாங்க, "நீங்க இப்பப் பண்ணிக் காட்டுங்க, வர்றதை எழுதிக்கலாம்"னு. எனக்கு ஒரே தெம்பு. எண்பத்தெட்டு வரும், மேடம் முகத்துல கரியைப் பூசலாம்னு போனேன். நஸ்ரினும் கூட நின்னுச்சு. ஆறு ஜாடியிலயும் போட்டோம். பத்து நிமிஷம் ஆச்சு, மாத்திரை அப்படியே கெடக்கு. இருபது நிமிஷம் ஆச்சு, ஓரம் மட்டும் லேசா மழுங்கியிருக்கு. முப்பதாவது நிமிஷம் அம்பத்திரண்டு. ஆறு ஜாடியிலயும் அதேதான். நான் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நிக்கறேன், அது பாட்டுக்கு அடியில கூழாங்கல்லாட்டம் உருண்டுக்கிட்டிருக்கு.

"மேடம், மெஷினை சர்வீஸ்ல கெடுத்துட்டானுங்க"ன்னேன். மேடம் நஸ்ரினைப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு போய் மெடிக்கல் ஷாப்புல வேற கம்பெனி மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வந்து அதே ஜாடியில போட்டுச்சு. தொண்ணூத்தொண்ணு. அந்தக் கம்பெனிக்காரன் என்னத்தைப் போட்டுத் தொலைச்சானோ.

"ரொம்ப அழுத்திப் பிசைஞ்சிருக்கீங்க சார்"ன்னாங்க மேடம். "என் மாத்திரை கீழ விழுந்தாலும் உடையாது மேடம்"னேன். "வயித்துல உடையணுமே சார்"ன்னாங்க.

அன்னிக்கு ஜாடி கழுவும்போது நஸ்ரின் மெதுவாக் கேட்டுச்சு, "அண்ணா, கம்பெனியிலயும் இதே மாதிரிதானே பண்றீங்க?" நான், "அது வேற, இது வேறம்மா"ன்னேன். என்ன வேறன்னு அந்தப் பொண்ணு கேக்கலை. கேட்டிருந்தா ஏதாவது சொல்லி வாயை அடைச்சிருப்பேன். கேக்காம ஜாடியைத் துடைச்சு வெச்சுட்டுப் போயிடுச்சு.

நீங்க சுகர் மாத்திரை போடறீங்களா? அட்டை வெச்சிருக்கீங்களா, காட்டுங்க. ம்... நம்மது இல்ல. நல்லது, இதையே போடுங்க. மாத்த வேண்டாம்.

இப்ப மேடம் சொல்றது என்னன்னா, அம்பத்திரண்டு வந்ததுக்காகத் தீசிஸ் ஃபெயில் ஆகாது. ஏன் கரையலைன்னு நாலு பக்கம் எழுதினா அதுவே நல்ல தீசிஸாம். ஆனா அந்த மூணு நாள் ரீடிங் பொய்னு ஒரு உறுதிமொழி எழுதித் தரணும். ஒரே ஒரு வரி. துறை சீல் போட்டு, நம்பர் போட்டு, ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. இதோ, ஃபைல்ல இருக்கறது அதுதான். கொடுத்து எட்டு மாசம் ஆகுது. அந்த நாலு பக்கத்தை எழுதிக் கொடுத்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி.

ஏன் எழுதலைன்னு கேக்கறீங்க. பரிமளாவும் கேட்டா. "ஒரு வரிதானே, எழுதித் தொலைங்களேன்"னா. அவளுக்கு என்ன தெரியும்? இந்த மூணு நாள் பொய்னு நானே கையெழுத்துப் போட்டா, அதே கையெழுத்து பத்தொன்பது வருஷமா எத்தனை ஆயிரம் பக்கத்துல இருக்கு? அதெல்லாம் என்ன சார்? எத்தனை பேர் வயித்துக்குள்ள போயிருக்கு? யோசிச்சா சோறு இறங்கலை. சரி, யோசிக்காம இருக்கலாம்னு பார்த்தா அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி காதுல நிக்குது. பயமா இருக்கு சார். முன்ன பின்ன தெரியாத உங்ககிட்டதான் இதைச் சொல்றேன், வீட்டுல சொன்னதில்லை.

இன்னிக்குக் காலையில முடிவு பண்ணிட்டேன். போறோம், மேடம் முன்னாடி எழுதறோம், கொடுக்கறோம். பிளான்ட் ஹெட் ஆனா முதல் வேலையா அந்தப் பிசையற நேரத்தைக் குறைக்கணும். அந்த ஜாடி மெஷினையும் கம்பெனிக்கு ஒண்ணு வாங்கிப் போடணும். சத்தியமா நினைச்சேன் சார். நினைச்சுக்கிட்டு ஏறினா, இங்க லாரி படுத்துக் கெடக்கு.

ஒரு நிமிஷம். மேடம்தான்.

வணக்கம் மேடம். தொப்பூர்ல மேடம். பஸ் நகரவே இல்ல. ஆமா மேடம், ஃபாரம் கையிலதான் இருக்கு. எங்க? பஸ்லயேவா? சரி மேடம். சரி. சரிங்க மேடம்.

கேட்டுச்சா சார்? இதுக்குத்தான் படிச்சவங்க வேணுங்கறது. நான் வர வேண்டாமாம். இங்கயே எழுதி, நேரம் போட்டு, பக்கத்துல இருக்கற யார்கிட்டயாவது ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பினாப் போதுமாம். அவங்களே வெப்சைட்ல ஏத்திடுவாங்களாம். சரியா நாலுக்கு அது பூட்டிக்கும், அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்தாகணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. மணி என்ன? மூணு முப்பத்தெட்டு. தாராளமா இருக்கு.

அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துங்க. ஃபைல் ஆடாமப் பிடிச்சுக்கறீங்களா? "பிப்ரவரி 14, 15, 16 ஆகிய மூன்று நாட்களிலும் நான் சோதனை செய்யவில்லை. என் நோட்டில் உள்ள அளவுகள் நானாக எழுதியவை." இவ்வளவுதானா சார்? இதுக்கா எட்டு மாசம்? நெஞ்சுல ஏத்தி வெச்சிருந்த மூட்டையை இறக்கின மாதிரி இருக்கு. கண்ணு வேற கலங்குது, என்ன கண்றாவியோ. கையெழுத்துப் போட்டாச்சு. தேதி, நேரம், எல்லாம் போட்டாச்சு. இப்ப மணி மூணு நாப்பத்தஞ்சுதான். இந்தாங்க, சாட்சின்னு போட்டிருக்கற இடத்துல உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

என்ன சார் பார்க்கறீங்க?

நேரமா? ஆமா, நாலுன்னு போட்டிருக்கேன். கை தானாப் போட்டுடுச்சு. நாலு மணிக்குன்னுதானே எட்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்காங்க. அதனால என்ன சார், பதினஞ்சு நிமிஷம். நாலு ஆகத்தானே போகுது? கையெழுத்துப் போடுங்க.

அட, பேனாவை ஏன் மூடறீங்க?

கோடு அடிச்சுட்டு மேல சரியான நேரத்தை எழுதறதா? எனக்குத் தெரியாதா? தப்பா எழுதினா ஒத்தைக் கோடு அடிக்கணும், பக்கத்துல சரியானதை எழுதணும், சின்னதா ஒரு கையெழுத்துப் போடணும். கம்பெனியில புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் கிளாஸ் எடுக்கறேன். ஆனா நான் அடிச்சதில்லை சார். பத்தொன்பது வருஷத்துல என் ரெக்கார்டுல ஒரு கோடு கிடையாது. இந்த ஒரு பேப்பர்ல, அதுவும் இந்தப் பேப்பர்ல, அடிச்சுக் கொடுத்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? இவன் இதுலயும் எதையோ மாத்தியிருக்கான்னு நினைக்க மாட்டாங்களா?

வேற பேப்பர்ல எழுதக் கூடாது. சீல் வெச்ச ஃபாரம் இது ஒண்ணுதான்.

நீங்க சொல்றது புரியுது சார். பேனாவை வெச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். கோடு மேல கொண்டு போறேன், கை நிக்குது. பாருங்க, நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?

மறுபடியும் மேடம்தான் கூப்பிடறாங்க. அடிச்சு ஓயட்டும், அனுப்பிட்டே பேசிக்கறேன். மணி என்ன சொன்னீங்க, மூணு அம்பத்திமூணா? அப்ப இன்னும் ஏழே நிமிஷம்தான். பதட்டப்படாதீங்க. பேனாவைத் திறந்து கையில வெச்சுக்குங்க, நான் போனை ரெடியா வெச்சுக்கறேன். நாலு ஆனதும் நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் அனுப்பிடறேன். அப்ப இதுல ஒரு எழுத்துகூடப் பொய்யா இருக்காது சார்.